“குழுவினர்”: தமிழில் பல்குரல் ஒத்திசையின் வரலாறு

பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடி, அவை ஒன்றோடொன்று பொருந்தி ஒலிப்பது பல்குரல் ஒத்திசை எனப்படும். ஆங்கிலத்தில் ஹார்மனி என்று வழங்கும் சொல்லே தமிழ்நாட்டுப் பாடகர் குழுக்களிலும் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் புழங்குகிறது. இந்தக் கலை மேலைநாட்டிலிருந்து தமிழகத்திற்கு வந்தது. முதலில் தேவாலயங்கள் வழியாகவும், பின்னர் மக்கள் பாடகர் குழுக்கள் வழியாகவும், கடைசியில் திரைப்படம் வழியாகவும் அது தமிழ்க் காதுக்குப் பழகியது. மூன்று வழிகளிலும் பாடியவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இசைத்தட்டு உறைகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் அவர்கள் “குழுவினர்” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள். பாடல்களின் வரலாற்றோடு அந்தச் சொல்லின் வரலாற்றையும் இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

நெருக்க ஒத்திசை என்றால் என்ன?

பஜனையிலும் கும்மியிலும் பத்துப் பேர் பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுகிறார்கள். ஆண் குரலும் பெண் குரலும் ஒரு ஸ்தாயி வேறுபடலாம், சுரம் மாறுவதில்லை. இது ஒருமித்துப் பாடுதல்.

ஒத்திசை வேறு. ஒருவர் ‘ச’ பாடும்போது இன்னொருவர் அந்தர காந்தாரத்தையும் மூன்றாமவர் பஞ்சமத்தையும் பாடினால் மூன்றும் சேர்ந்து ஒரு புதிய ஒலியாகக் கேட்கும். நான்காமவர் கைசிகி நிஷாதத்தைச் சேர்த்தால் அந்த ஒலியில் ஓர் எதிர்பார்ப்பு பிறக்கும். அடுத்து எங்கோ போய் அமர வேண்டும் என்று காது கேட்கும். ஜாஸ் இசை இந்த நான்காவது சுரத்தை மிகவும் விரும்புவது. இந்த நான்கு குரல்களும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயிக்குள் ஒன்றையொன்று உரசுவதுபோல் அருகருகே அமைந்தால் அது நெருக்க ஒத்திசை. இதில் யாராவது ஒருவர் குரல் தனித்துத் தெரிந்துவிட்டால் பாட்டு கெட்டுவிடும். சுரத்தைச் சரியாகப் பிடித்தால் போதாது. பக்கத்தில் நிற்பவர் எந்த அளவில் பாடுகிறார், ‘ஆ’ என்ற உயிரை எவ்வளவு திறந்து ஒலிக்கிறார் என்பதையும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும்.

தமிழிசையில் சுரங்களின் உறவைப் பற்றிய அறிவு மிகப் பழமையானது. இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவைப் பழைய இசையிலக்கணம் வகுத்திருக்கிறது. ஆனால் அந்த உறவு ஒரு சுரத்திற்கு அடுத்து எந்தச் சுரம் வர வேண்டும் என்பதற்கே பெரிதும் பயன்பட்டது. சுரங்களை அடுக்கி ஒரே நொடியில் பாடும் வழக்கமாக அது வளரவில்லை. அதற்குக் காரணம் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலோ கீழோ இன்னொருவர் அசையாமல் ஒரு சுரத்தைப் பிடித்தால் இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு நொடி மாறும். ராகத்தின் உயிர் அந்த அசைவில் இருப்பதால், அதைக் கேட்க ஒரு குரலும் ஒரு தம்புராவும் போதும் என்று நம் மரபு முடிவு செய்தது.

ஏழு பெண்களும் ஒற்றைக் குரலும்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஒரு காட்சி உண்டு. தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மாதரி, ஏழு ஆயர் மகளிரை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு இடுகிறாள். பிறகு அவர்கள் கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். ஏழு பெண்கள் ஏழு சுரங்களாக நிற்கும் இக்காட்சியைக் கொண்டு பண்டைத் தமிழரிடம் ஒத்திசை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தத்தம் சுரத்தைச் சேர்ந்து ஒலித்ததாக நூல் கூறவில்லை. ஆயினும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அப்பெண்கள் வளர்த்த ஏறுகளின் அடையாளங்கள் காப்பியத்தில் இருக்கின்றன. அப்பெண்களின் சொந்தப் பெயர்கள் இல்லை. சுரத்தின் பெயரே அவர்கள் பெயராகிறது.

தனிக்குரலுக்குக் கிடைத்த மதிப்புக்கு அரியலூர்ப் பகுதியிலேயே நல்ல சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் சமஸ்தானத்தின் ஆதரவில் வாழ்ந்தவர் கனம் கிருஷ்ணையர். போப்பிலி கேசவையா என்னும் வித்துவான் பாடிய கன மார்க்கத்தைக் கடும் பயிற்சியால் தாமும் கைவரப் பெற்றதால் ‘கனம்’ என்ற அடைமொழி அவருக்கு வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த நாதமே அந்த முறையின் அடையாளம். அவருடைய உறவினர் வழியில் வந்த உ. வே. சாமிநாதையர் அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் சபையை நிறைத்த ஒரு குரலுக்கு நூல் கிடைத்தது. அதே பகுதியின் வயல்களில் நடவு நட்டுக்கொண்டு சேர்ந்து பாடிய பெண்களின் பாடல்கள் வாய்மொழியாகவே நின்றன.

நான்கு சகோதரர்களின் இசைத்தட்டு

இதற்கு நேர் எதிரான ஒரு வரலாறு அமெரிக்காவில் நடந்தது. ஒஹையோ மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரில் ஜான் மில்ஸ் என்ற கறுப்பினத்தவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அக்காலத்தில் அந்நாட்டு முடிதிருத்தகங்களில் நான்கு பேர் கூடி ஒத்திசையில் பாடுவது பரவலான வழக்கம். அவரும் ஒரு நால்வர் குழுவில் பாடியவர். அவருடைய மகன்களான ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்டு ஆகிய நால்வரும் தேவாலயத்திலும் ஊர் மேடைகளிலும் பாடிப் பழகினார்கள்.

இவர்களின் தனித்தன்மை ஒரு விபத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். வாயில் வைத்து இசைக்கும் காஸூ என்னும் சிறு கருவியை ஹாரி ஒரு போட்டி மேடைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். கையை வாய்மேல் குவித்து டிரம்பெட் போல ஒலித்துச் சமாளித்தார். அவையோர் மகிழ்ந்தனர். அன்றிலிருந்து ஒவ்வொரு சகோதரரும் ஒரு பித்தளைக் கருவியின் ஒலியைக் குரலில் பயின்றார்கள். மூத்தவர் ஜான் டியூபா போன்ற கீழ்க்குரலைப் பாடிக்கொண்டே கிதாரும் வாசித்தார்.

சின்சினாட்டி நகர வானொலியில் தொடங்கி நியூயார்க் வரை சென்ற இவர்கள், 1931-இல் பிரன்சுவிக் நிறுவனத்திற்காக ‘டைகர் ராக்’ பாடலைப் பதிவு செய்தார்கள். அத்தட்டு பத்து லட்சத்திற்கு மேல் விற்றது. கேட்டவர்களுக்கு உள்ளே ஒரு வாத்தியக் குழு இருப்பதாகவே தோன்றியது. எனவே ஒரு கிதாரைத் தவிர வேறு எந்த இசைக்கருவியோ இயந்திரமோ இப்பதிவில் பயன்படுத்தப்படவில்லை என்று தட்டின் முகப்பிலேயே அச்சிட நேர்ந்தது. 1934-இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையிலும் பாடினார்கள். உணவு விடுதியிலும் ரயில் பெட்டியிலும் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த நாட்டில், வானொலி வழியாக வெள்ளையர் வீட்டுக் கூடங்களுக்குள் இந்த நான்கு குரல்களும் நுழைந்தன.

1936-இல் மூத்தவர் ஜான் நிமோனியாவால் இறந்தார். கீழ்க்குரல் இல்லாத ஒத்திசை அடித்தளமில்லாத வீடு. அந்த இடத்திற்குத் தந்தை ஜான் மில்ஸே வந்து நின்றார். இறந்த மகனின் பகுதியைத் தந்தை பாட, குழு தொடர்ந்தது. 1942-இல் பதிவான ‘பேப்பர் டால்’ அடுத்த ஆண்டு பன்னிரண்டு வாரங்கள் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது.

இவர்களுடைய வெற்றியில் தொழில்நுட்பத்திற்கும் பங்குண்டு. 1925 வரை பாடகர்கள் ஒரு பெரிய கொம்புக் குழாயின் முன் உரக்கப் பாடித்தான் இசைத்தட்டு பதிவானது. அதன்பின் மைக்ரோஃபோன் வந்தது. மெதுவாக, காதருகே பேசுவதுபோல் பாடினாலும் பதிவாகும் என்ற நிலை உண்டான பிறகே நான்கு குரல்களின் நுண்ணிய கலப்பைத் தட்டில் கேட்க முடிந்தது. குரல்கள் கலந்து ஒன்றானாலும் தட்டின்மேல் குடும்பப் பெயர் இருந்தது. அதனால்தான் நால்வரையும் இன்று பெயர் சொல்லி எழுத முடிகிறது.

தமிழகத்திற்கு வந்த வழி

தமிழ் மண்ணில் ஒத்திசை முதலில் ஒலித்தது கிறித்தவ வழிபாட்டில். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, அதே ஐரோப்பிய மெட்டில் பாடச் செய்தனர். பிற்காலத்தில் சீர்திருத்த சபைகளில் பாமாலைப் பாடல்களைச் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு பகுதிகளாகப் பாடும் பாடகர் குழுக்கள் உருவாயின. ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் டோனிக் சோல்ஃபா என்னும் எழுத்துமுறையால் தம் பகுதியைக் கற்றார்கள். இன்னொரு பக்கம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாமாலை நான்கு குரலாகவும் கீர்த்தனை ஒரு மெட்டாகவும் ஒலிப்பது சபையாருக்கு இயல்பாயிற்று.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி வேறொரு வழியைக் காட்டுகிறது. திருக்காவலூர் என்று தாம் பெயரிட்ட அவ்வூரில் வாழ்ந்த வீரமாமுனிவர், இத்தாலியில் பிறந்தவர். ஒத்திசை வழங்கிய நாட்டிலிருந்து வந்தவர். ஆனால் தேம்பாவணியின் 3,615 பாடல்களையும் தமிழ் விருத்தத்தில் அமைத்தார். விருத்தம் ஒரு குரலில் ராகத்தோடு இசைக்க ஏற்றது. கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி நெடுங்காலம் லத்தீன் மொழியிலேயே நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகுதான் திருப்பலி தமிழுக்கு மாறி, அதற்கான தமிழ்ப் பாடல்களும் பெருகின.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேலைநாட்டு வாத்தியக் குழுவைப் பேணினார். ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரம் என்று அவை வழங்குகின்றன. பிரிட்டிஷ் நாட்டு வாழ்த்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. தீட்சிதர் மெட்டை எடுத்துக்கொண்டார். அதனடியில் ஒலித்த மற்றப் பகுதிகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவை கமகமில்லாத சங்கராபரணமாக, ஒரு குரல் பாட்டாகவே நம்மிடம் நிலைத்தன.

எம். பி. சீனிவாசனும் மக்கள் பாடகர் குழுவும்

ஒத்திசையைக் கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் வெளியே தமிழ்ப் பாடலோடு சேர்த்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் எம். பி. சீனிவாசன் (1925–1988). மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டு, இந்திய மக்கள் நாடக மன்றத்தின் தாக்கம் பெற்றவர். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்திற்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் அப்படத்திற்குப் பாடல் எழுதினார். மலையாளத்தில் ‘கால்பாடுகள்’ படத்திற்காகக் கே. ஜே. யேசுதாஸை முதன்முதலில் திரையில் பாடவைத்தவரும் இவரே.

1970களின் தொடக்கத்தில் இவர் சென்னை இளைஞர் பாடகர் குழுவை உருவாக்கினார். அது ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற பெயரால் அறியப்பட்டது. பாரதியார் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களுக்குப் பகுத்து அமைத்துக் கற்பித்தார். இசையைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மனிதர்களும் பயிற்சியால் சேர்ந்து பாட முடியும் என்பது அவர் கொள்கை. கேரளத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கும் பெருந்திரளாகப் பயிற்சி அளித்தார். 1988 மார்ச் மாதம் லட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது அங்கேயே காலமானார்.

சேர்ந்து பாடுவதைக் கற்றுக்கொடுத்த இவரே, சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். இரண்டும் வெவ்வேறு பணிகள் போலத் தோன்றலாம். திரையரங்கில் நாம் கேட்கும் வயலின் கூட்டத்திற்கும் கோரஸ் குரல்களுக்கும் பின்னால் அன்றாடக் கூலிக்கு வரும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊதியமும் வேலை நேரமும் பேசித் தீர்க்க வேண்டியவை என்று அவர் கண்டார். கூட்டத்தில் ஒருவராக நிற்பவருக்கும் மதிப்பு உண்டு என்பதே இரு பணிகளுக்கும் அடிப்படை.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

தமிழ்த் திரைப்படங்களில் கோரஸ் தொடக்ககாலம் முதலே உண்டு. தோழியர் பாடுவார்கள், ஊரார் பாடுவார்கள். பெரும்பாலும் கதாநாயகியின் அடியைத் திருப்பிப் பாடுவதே அவர்கள் வேலை. ஒத்திசையைத் திட்டமிட்டு எழுதும் முறை மேலையிசை பயின்றவர்கள் வந்தபின் வலுப்பெற்றது. சென்னை மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் நடத்திய வகுப்பு இதில் முக்கியமானது. அவரிடம் பயின்ற இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்தபின், நாட்டுப்புற மெட்டுக்கு அடியிலும் மேலையிசையின் குரல் அடுக்குகளை வைத்தார். பட்டிதொட்டியெங்கும் அப்பாடல்கள் கேட்கப்பட்டன. கேட்டவர்கள் ஒத்திசையைப் பெயர் தெரியாமலே பழகிக்கொண்டார்கள்.

1993-இல் மணிரத்னம் இயக்கிய ‘திருடா திருடா’ வெளிவந்தது. அதில் வைரமுத்து எழுதி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து, சாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ என்னும் பாடலில் வாத்தியங்கள் இல்லை. தனிக்குரலைச் சுற்றிலும் மனிதக் குரல்களே தாங்கி நிற்கின்றன. ஒப்பாரியின் சாயல் கொண்ட கிராமத்து மெட்டு மேலே செல்ல, கீழே குரல்கள் அசையாத சுரங்களாக விரிகின்றன. கமகத்திற்கும் ஒத்திசைக்கும் இருந்த பழைய பிணக்கு இங்கே எளிதாகத் தீர்கிறது: அசைவதற்கு ஒரு குரல், நிற்பதற்குப் பல குரல்கள். தம்புரா செய்த வேலையைக் கூட்டுக்குரல் விரிவாக்கிச் செய்கிறது எனலாம். இளையராஜாவும் ‘மாயாபஜார்’ (1995) படத்தில் ஒரு பாடலை முழுவதும் குரல்களாலேயே அமைத்தார்.

மில்ஸ் சகோதரர்கள் ஒரே மைக்ரோஃபோனைச் சுற்றி நின்று ஒரே மூச்சில் பாடிப் பதிந்தார்கள். பல தடங்களில் தனித்தனியே பதிந்து சேர்க்கும் முறை வந்தபின் நான்கு பேரைக் கொண்டே நாற்பது குரல்களை உருவாக்கலாம். வசதி பெருகியது. அதனோடு, அந்தக் குரல் யாருடையது என்று கண்டறிவது முன்பைவிடக் கடினமாயிற்று. சாகுல் ஹமீது 1997-இல் சாலை விபத்தில் இறந்தபோது இரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லி வருந்தினார்கள். அவரைச் சுற்றி நின்று பாடியவர்களை அப்படிப் பெயர் சொல்லி நினைக்கும் இரசிகர் மிகச் சிலரே.

பெயரை எழுதி வைத்தல்

ஒத்திசையில் நடுக்குரல் பாடுபவரின் நிலை விசித்திரமானது. ஆல்டோ பகுதியைத் தனியே பாடிக்காட்டினால் அது எந்தப் பாட்டு என்றே வீட்டார்க்குத் தெரியாது. அந்தப் பகுதியை நிறுத்திவிட்டால் பாட்டில் ஏதோ வெறுமை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நன்றாகப் பாடியதற்கான சான்று, அவர் பாடியது தனியாகக் கேட்காமல் இருப்பதே. குரல் மறைவது கலையின் தேவை. பெயர் மறைவதற்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. பிக்குவா ஊரின் நான்கு சகோதரர்களும் இதற்குச் சான்று.

முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, இன்று தனி மாவட்டங்களாக விளங்கும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் சேர்ந்து பாடும் மரபுகள் இன்றும் உள்ளன. மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி, கிறிஸ்துமஸ் இரவுகளில் வீடு வீடாகச் செல்லும் கேரல் குழு, பள்ளி ஆண்டுவிழா மேடையில் கூட்டுப்பாடல், வயலில் அருகிவரும் நடவுப் பாட்டு ஆகியவை அவற்றில் சில. உள்ளூர் வரலாறு எழுத விரும்பும் மாணவர்களுக்கு இது எளிதில் கைக்கெட்டும் களம். கைபேசியில் ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது ஊர், நாள், பாடலின் பெயர் ஆகியவற்றோடு, யார் எந்தப் பகுதியைப் பாடினார் என்பதையும் அவர்கள் ஒப்புதலோடு குறித்து வைக்கலாம். முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுத்தவர் பெயர் எப்படியும் ஊரார் நினைவில் இருக்கும். பின்வரிசையில் நின்றவரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.